இரவல் தளத்தில் ஓடிய சக்கரங்கள்

தென்சென்னையின் கீழ்க்கட்டளையிலிருந்து ரேடியல் சாலையில் மேற்கே சில கிலோமீட்டர் போனால் பல்லாவரம். 1910-இல் அங்கே ஓர் ஓட்டல் முதலாளி விமானம் ஓட்டிப் பார்த்தார். ஜியாகொமோ டி ஆஞ்சலிஸ் என்று பெயர். கார்சிகா தீவுக்காரர், சென்னை மவுண்ட் ரோட்டில் பெரிய ஓட்டல் வைத்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரான்சின் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்திருந்தார். அந்தச் செய்தி டி ஆஞ்சலிஸைத் தூங்கவிடவில்லை. சிம்சன் கம்பெனியின் உதவியோடு தனக்கென்று ஒரு விமானத்தைக் கட்டினார். பல்லாவரத்தில் சோதித்துவிட்டு, மார்ச் மாதம் அதைத் தீவுத்திடலுக்குக் கொண்டுபோய், டிக்கெட் போட்டுக் கூட்டத்துக்கு முன்னால் பறந்து காட்டினார்.

114 ஆண்டுகள் கழித்து, அதே தீவுத்திடலைச் சுற்றி, மறுபடியும் டிக்கெட் போட்டு, இரவு விளக்கில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. இரண்டு காட்சிகளுக்கும் இடையில் சென்னையின் வேக வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த வரலாற்றில் பெரும்பகுதி அடுத்தவர் நிலத்தில் நடந்தது. திடல் அரசுடையது, ஓடுதளம் ராணுவத்துடையது, சாலை ஊருக்குப் பொது. பந்தயக்காரர்கள் சொந்தமாக மண் வாங்கியது ஒரே ஒரு முறை.

வண்டி கட்டுவதில் சென்னைக்கு ஆரம்பம் முதலே கை உண்டு. டி ஆஞ்சலிஸுக்கு விமானம் கட்டிக் கொடுத்த சிம்சன், அடிப்படையில் குதிரை வண்டி செய்த கம்பெனி. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இலேயே நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து மவுண்ட் ரோட்டில் ஓட்டினார். ஆக, கட்டும் கை இருந்தது. ஓட்டும் ஆசையும் இருந்தது. ஆனால் மாட்டு வண்டியும் ஜட்காவும் டிராமும் போகிற சாலையில் பந்தயம் எங்கே விடுவது? குதிரைக்குக் கிண்டியில் தனி மைதானம் அமைத்துக் கொடுத்த நகரம், காருக்கு அப்படி ஒன்றும் செய்து தரவில்லை.

அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுத்தது யுத்தம்.

இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில், தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஓடுதளங்கள் போடப்பட்டன. சூலூர், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று பட்டியல் நீளும். சென்னையைச் சுற்றி மட்டும் மூன்று தளங்கள் முக்கியமானவை. தெற்கே மீனம்பாக்கமும் தாம்பரமும். வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, கொல்கத்தா சாலையில் சோழவரம். போர் முடிந்ததும் மூன்றும் மூன்று வழியில் போயின. மீனம்பாக்கம் பயணிகள் விமான நிலையமாக வளர்ந்தது. தாம்பரம் விமானப்படையிடமே நின்றது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கான பள்ளி 1954-இல் அம்பாலாவிலிருந்து அங்கே இடம் மாறியது. கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கத்து ஆட்களுக்கு அன்று முதல் இன்று வரை தலைக்கு மேல் விமான இரைச்சல் பழகிப்போன ஒன்று.

சோழவரத்துக்கு மட்டும் விமானமும் இல்லை, வேலையும் இல்லை. பாதுகாப்புத் துறையின் கையில், வெயிலில் காய்ந்தபடி சும்மா கிடந்தது. அங்கேதான் கார்கள் வந்தன.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் 1943-இல் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட தளம். 1948-இல் வைக்கோல் கட்டும் எண்ணெய்ப் பீப்பாயும் அடுக்கி அங்கே கிராண்ட் பிரீ நடத்தினார்கள். 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலகப் போட்டியின் முதல் பந்தயமும் அங்கேயே நடந்தது. அமெரிக்காவின் செப்ரிங், இலங்கையில் களுத்துறைக்குப் பக்கத்துக் கட்டுக்குருந்தை, வங்காளத்தில் பாரக்பூர் எல்லாம் ஒரே கதைதான். போர் விமானம் இறங்க எது தேவையோ அதுவே பந்தயக் காருக்கும் தேவை: அகலம், நேர், சமதளம், கனமான பாரம் தாங்கும் தரை. குறுக்கே மரமோ வீடோ கிடையாது. வண்டி தடம் மாறினால் புல்லில் போய் நிற்கும். இதையெல்லாம் சொந்தச் செலவில் செய்ய எந்த மோட்டார் கிளப்புக்கும் வசதி இருந்ததில்லை.

1950-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. கம்பெனி அதிகாரிகள், வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள், ஒர்க்‌ஷாப் பிரியர்கள் சேர்ந்த சங்கம் அது. சோழவரத்தின் ஓடுதளங்கள் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் குறுக்கும் நெடுக்குமாகச் சந்தித்தன. அதையே சுற்றாக மாற்றிக்கொண்டார்கள். நீளமான நேர்பகுதியில் முழு வேகத்தில் வந்து, கடைசியில் கொண்டை ஊசிபோல வளைந்து, வந்த வழிக்குப் பக்கத்திலேயே திரும்பி ஓட வேண்டும். பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக மிதிக்கத் துணிந்தவன் முந்துவான். ரொம்பத் தாமதித்தவன் புழுதிக்குள் போவான். பார்ப்பவருக்கு இரண்டுமே காட்சிதான்.

பிப்ரவரி பந்தயம் என்றால் அந்தக் காலத்து மெட்ராஸில் அதற்கொரு தனிக் களை. பனி விலகி வெயில் உறைக்காத மாதம். பல்லாயிரக்கணக்கானோர் சோழவரத்துக்குப் போனார்கள். தென்சென்னைப் பக்கத்து ரசிகருக்கு அது ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கான பயணம். தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்து, நகரத்துக்குள் இறங்கி, பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். ஆனாலும் போனார்கள். கிரிக்கெட்டுக்குச் சேப்பாக்கம் எப்படியோ, எஞ்சின் சத்தத்தில் மயங்கியவர்களுக்குச் சோழவரம் அப்படி.

ஓடிய வண்டிகளைப் பார்த்தால் அன்றைய இந்தியாவின் பொருளாதாரமே தெரியும். வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு அடைத்திருந்த காலம். ஊரில் ஓடுவது அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பந்தயத்தில் ஓடியதும் பெரும்பாலும் அவைதான். இதில் ஹெரால்டு தென்சென்னையின் சொந்தப் பிள்ளை. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம் 1961 முதல் அதைத் தயாரித்தது. 1971 வரை அந்தப் பெயரில் கார் வந்தது, பிறகு கேஸல். 1980-களில் வந்த ஸ்டாண்டர்டு 2000 விற்பனையில் படுத்து, கம்பெனியும் அதோடு மூடியது. சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வரிசைகட்டி வெளியேறிய அந்தத் தொழிற்சாலை வளாகத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

குடும்பத்தோடு கோயிலுக்குப் போகச் செய்த காரைப் பந்தயத்துக்குத் தயாராக்குவது ஒர்க்‌ஷாப்பின் வித்தை. பின் சீட்டைக் கழற்றி எடை குறைப்பார்கள். எஞ்சின் ஹெட்டை இழைத்து அழுத்தம் கூட்டுவார்கள். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார்கள். சைலன்சரைக் கழற்றி நேர் குழாய் வைப்பார்கள். கிடைக்காத உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை. பழைய ராணுவ வண்டி முதல் கப்பலில் வந்த காயலான் எஞ்சின் வரை அங்கே தேடினால் அகப்படும். அங்கேயும் இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்ள வேண்டியதுதான். பந்தய நாளில் பெயர் வாங்கியது ஓட்டுநர். முதல் நாள் ராத்திரி முழுக்க எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் பெயர் நிகழ்ச்சி நிரலில் அச்சாகவில்லை.

பணக்காரர்களின் வண்டிகள் வேறு ரகம். கொண்டல் சமஸ்தானத்து இளவரசர் அயல்நாட்டுப் பந்தயக் கார்களோடு வந்து இறங்குவார். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன்னில் ஓடிய என்சைன் ரகக் கார் ஒன்றைச் சோழவரத்தில் ஓட்டினார். இரண்டு மூன்று அம்பாஸடர்கள் உறுமிக்கொண்டு போன அதே தளத்தில் அது போனபோது, ஜனங்கள் அதுவரை கேட்டிராத சத்தத்தைக் கேட்டார்கள். பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்தார்கள். நாட்டின் மோட்டார் பந்தயக் கிளப்புகளுக்கான கூட்டமைப்பு 1970-களின் தொடக்கத்தில் உருவானபோது, அதன் தலைமையகம் சென்னையில் அமைந்ததில் ஆச்சரியமில்லை. கிளப்பின் மூத்தவர்களில் ஒருவரான இந்து சந்தோக், அவர் மகன் விக்கி, பேரன் கருண் என்று மூன்று தலைமுறை இந்த மண்ணில் வேகம் பழகியது.

எல்லாம் சரி, தளம் யாருடையது? பாதுகாப்புத் துறையுடையது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். நிரந்தரக் கட்டடம் கட்ட முடியாது. தரை ஆண்டுக்கு ஆண்டு பெயர்ந்துகொண்டே வந்தது. வண்டிகளின் வேகம் கூடக் கூட, கூட்டத்துக்கும் காருக்கும் இடையே இருந்த இடைவெளி போதவில்லை. ஓடுதளத்துக்கு எப்படி வேலி போடுவது, கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு பிப்ரவரியிலும் புதிதாகத் தீர்க்க வேண்டிய பிரச்சினையாக இருந்தது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2024 ஏப்ரலில் இலங்கையின் தியத்தலாவை காட்டியது. அங்கே ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம் மாறிய கார் கூட்டத்துக்குள் புகுந்து ஏழு பேரின் உயிரைக் குடித்தது.

கிளப்காரர்கள் 1980-களில் எடுத்த முடிவு, இந்தியாவில் அதுவரை எவரும் எடுக்காதது. சொந்தமாக நிலம் வாங்கிச் சொந்தமாகத் தளம் போடுவது. இடம், பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வரும் இருங்காட்டுக்கோட்டை. ராமானுஜர் பிறந்த ஊரின் எல்லையில், ஏரியும் வயலும் பொட்டலுமாக இருந்த பகுதி. 1990-இல் தளம் திறந்தது. சுற்று 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். சோழவரத்தின் நேர்கோட்டு ஆட்டம் இங்கே செல்லாது. வளைவுக்கு வளைவு கியர் மாற்றி, காரின் எடை எந்தச் சக்கரத்தில் விழுகிறது என்று உடம்பால் உணர்ந்து ஓட்ட வேண்டும்.

சில ஆண்டுகளில் அக்கம்பக்கமே மாறிவிட்டது. 1996-இல் ஹூண்டாய் வந்து அடிக்கல் நாட்டியது. 1998-இல் சாண்ட்ரோ கார் அங்கிருந்து வெளியே ஓடியது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள். பந்தயக்காரர்கள் காலூன்றி ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் கார் தொழிற்சாலை பக்கத்து மனைக்குக் குடிவந்தது.

தளம் இருந்தால் அதற்கேற்ற கார் வேண்டாமா? அதைக் கோயம்புத்தூர் கொடுத்தது. கரிவர்தன் என்ற பந்தய ஓட்டுநர், கையில் கிடைத்த மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். கடைத்தெருவுக்குப் போகும் காரின் எஞ்சின்தான். ஆனால் சக்கரம் வெளியே, ஓட்டுநர் தரையோடு தரையாகப் படுத்து ஓட்டும் வடிவம். முக்கியமான விஷயம் விலை. அயல்நாட்டுக் கார் வாங்க வசதியில்லாத பையனும் இதில் உட்கார்ந்து பழகலாம். கரிவர்தன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்தார். அவர் நினைவாகக் கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற 2.1 கிலோமீட்டர் தளம் திறக்கப்பட்டது.

கரிவர்தன் போட்ட விதை முளைத்ததை ஊர் பார்த்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன் பதின்வயதில் தன் முதல் பந்தயத்தை இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதியில் ஓட்டி, முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறினார். 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் அவர். சென்னையின் கருண் சந்தோக் 2000-இல் ஃபார்முலா மாருதி தேசியப் பட்டம் வென்று, 2010-இல் அதே உலகத்துக்குள் போனார். இன்று வரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய இந்தியர் இந்த இருவர்தான். இருவருமே தமிழ்நாட்டுத் தளத்தில் எண்ணெய் மணம் பிடித்து வளர்ந்தவர்கள். நடிகர் அஜித்குமாரின் பந்தய வாழ்க்கைக்கும் சென்னைதான் தொடக்கம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, பட்டாசு வெடித்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தப் பந்தயம் என்னவென்றே அன்றுதான் தெரிந்தது.

ஆனால் ஃபார்முலா ஒன் இந்தியாவுக்கு வந்தபோது அது சென்னைக்கு வரவில்லை. டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில், ஜெர்மானியர் ஹெர்மன் டில்கே வடிவமைத்த 5.125 கிலோமீட்டர் புத்தா சர்வதேசத் தளத்தில் 2011 அக்டோபர் 30 அன்று முதல் பந்தயம் நடந்தது. பயிற்சி நாளன்று தெரு நாய் ஒன்று தளத்துக்குள் புகுந்து ஓட்டத்தையே நிறுத்தியது உலகச் செய்தியானது. 2011, 2012, 2013 மூன்று ஆண்டும் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். பிறகு வரித் தகராறில் பந்தயம் நின்றுபோனது. கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய தளம் வருடத்தின் பெரும்பாலான நாட்கள் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான், அமைப்பாளர்களின் கண் மறுபடியும் நகரச் சாலைகளின் பக்கம் திரும்பியது.

தெருவில் பந்தயம் விடுவது பழைய வழக்கம். மொனாக்கோவில் 1929 முதல் நடக்கிறது. 2008-இல் சிங்கப்பூர் தன் கடற்கரைச் சாலைகளில் விளக்குப் போட்டு ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயத்தை நடத்தியது. ஆசிய நகரங்களுக்கு அது முன்மாதிரியாக ஆனது. இந்தியாவில் முந்திக்கொண்டது ஹைதராபாத். உசேன் சாகர் ஏரிக்கரையில் 2023 பிப்ரவரி 11 அன்று மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ நடந்தது. அந்த ஆண்டு இறுதியில் தெலங்கானாவில் ஆட்சி மாறியது; 2024 பந்தயம் ரத்தானது. சாலையை இரவல் கொடுத்தவர் மாறினால் பந்தயமும் போய்விடும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

சென்னை தன் பந்தயத்தை 2023 ஆகஸ்டில் அறிவித்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் தனியார் பந்தய நிறுவனம் ஒன்றும் கைகோத்தன. தீவுத்திடலில் தொடங்கி, கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று சுற்றி வரும் 3.5 கிலோமீட்டர்; 19 வளைவுகள். தேதி டிசம்பர் 9, 10. சாலை ஓரம் கான்கிரீட் தடுப்புகளும் அவற்றின் மேல் கம்பி வேலிகளும் நின்றன.

டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூர், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை என்று தென்புறம் முழுக்கத் தண்ணீர். தாம்பரம் மாநகராட்சிப் பகுதிகளில் படகு விட்டு ஆட்களை மீட்ட வாரத்தில், கார் பந்தயத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. பந்தயம் தள்ளிப்போனது. அதற்குள் வழக்குகளும் உயர் நீதிமன்றத்தில் குவிந்திருந்தன. அரசு இதற்கு ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவிடலாமா? அரசுப் பொது மருத்துவமனையும் ஓமந்தூரார் மருத்துவமனையும் பக்கத்தில் இருக்க, இரைச்சலும் போக்குவரத்து மறிப்பும் நியாயமா? இருங்காட்டுக்கோட்டையில் தளம் இருக்கும்போது நகரத்தின் நடுவில் எதற்கு? 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது.

புதிய தேதி ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. இந்த முறை புயல் இல்லை. மழை மட்டும் சனிக்கிழமை வந்து நின்றது. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் தாமதமாக, நீதிமன்றத்தில் கூடுதல் நேரம் வாங்க வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இரவு, வெள்ளமாகப் பாய்ந்த விளக்கொளியில், ஃபார்முலா 4 கார்களும் இந்தியன் ரேசிங் லீக் கார்களும் நேப்பியர் பாலத்தைச் சீறிக்கொண்டு கடந்தன. தெற்காசியாவின் முதல் இரவு நேரத் தெருப் பந்தயம் அது. வழக்கமாக மாநகரப் பேருந்துகள் ஊர்ந்து போகும் அண்ணா சாலையில், அந்தப் பழைய மவுண்ட் ரோட்டில், சிம்சன் கட்டடம் அப்படியே நிற்கிறது. நீராவிக் காரையும் டி ஆஞ்சலிஸின் விமானத்தையும் கட்டிய அதே சிம்சன்.

பந்தயம் முடிந்த கையோடு தடுப்புகளைக் கழற்றத் தொடங்கினார்கள். சாலை மறுபடியும் ஊருக்கு.

கீழ்க்கட்டளையில் அந்த நாட்களில் மேடவாக்கம் பிரதான சாலையே பாதி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்துக்காகத் தகரத் தடுப்பு வைத்துத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் போகிறவன் காரை முந்தும் வேகம். ஆனால் அதைக் குறுக்காக வெட்டிப் போகும் இருநூறடி ரேடியல் சாலையில் நள்ளிரவுக்கு மேல் நிலைமை வேறு. ஆறு வழி, நேர், விளக்கு வெளிச்சம். சைலன்சரை மாற்றிய பைக்குகள் இரண்டு சேர்ந்தால் போதும், பந்தயம் ஆரம்பமாகிவிடும். போலீஸ் வண்டியின் விளக்கு தெரிந்ததும் ஆளுக்கொரு சந்தில் மறைவார்கள். மெரினாவிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் எத்தனையோ ஆண்டுகளாக நடப்பதுதான் இங்கேயும்.

அதே பையன்களுக்கு இருங்காட்டுக்கோட்டை கண்காணாத தூரமில்லை. பல்லாவரத்தில் பாலமேறி, பம்மல், அனகாபுத்தூர் வழியே குன்றத்தூர். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலை. தேசிய பைக் பந்தயச் சுற்றுகள் அங்கே வருடத்துக்குச் சில வார இறுதிகளில் நடக்கின்றன. நுழைவதற்கு நாட்டின் மோட்டார் பந்தயக் கிளப்புகளின் கூட்டமைப்பு தரும் உரிமம் வேண்டும். தோலில் தைத்த முழு உடுப்பு, கையுறை, பூட்ஸ், தரச்சான்று பெற்ற ஹெல்மெட் வேண்டும். வண்டியை முன்கூட்டியே பரிசோதகர் பார்ப்பார். கொடி அசைந்ததும் நாற்பது நொடிக்குள் முதல் வண்டிகள் தூரத்து வளைவில் சாய்ந்து மறையும். புல்லைத் தாண்டிய கம்பி வேலிக்கு வெளியே, ஹூண்டாய் தொழிற்சாலையின் ஷிப்டு பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கும்.